பிடங்குக்குள் ஒரு பெயர்

வில், சுவிற்சர்லாந்து
3.3.2024

அன்புள்ள லூசியா அக்காவுக்கு,

நான் அன்றைக்கே சொன்னேன். நீங்கள் மறந்திருப்பீர்கள், நான் மறக்கவில்லை. றோஷினியைப் பதினாலு வயதில் என்னிடம் அனுப்பி வைத்தீர்களே, சூரிச் விமான நிலையத்தில் அவளைக் கண்டதும் பக்கத்தில் நின்ற பொலிஸ்காரனிடமே சொல்லிவிட்டேன்: இந்தப் பிள்ளை நேர்ஸ் ஆகும், மலையடியில் காணி பூமி உள்ள வீட்டில் வாழப்போகும், மாப்பிள்ளைக்குச் சுவிசேஷத்தில் உள்ள பெயராக இருக்கும். மூன்றும் நடந்துவிட்டது. மாப்பிள்ளையின் பெயர் லூக்காஸ். அந்தப் பொலிஸ்காரனைத் தேடிப் பிடித்தால் சாட்சி சொல்வான்.

உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? நான் அனுப்பிய எண்ணெயைப் பூசுகிறீர்களா? எனக்கு ஒரு குறையும் இல்லை. டொக்டர் என் இரத்தத்தைப் பார்த்து, இது இருபது வயதுப் பெடியனின் இரத்தமல்லவா என்று இன்னொரு டொக்டரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

நேற்று நானும் றோஷினியும் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனோம். டொக்கன்பூர்க் என்று ஒரு பள்ளத்தாக்கு, எங்கள் வில் நகரத்திலிருந்து ரயிலில் போகலாம். மாப்பிள்ளையின் தகப்பன் ருவெடி, மனைவியை இழந்தவர், பால் மாடு வைத்திருக்கிறார். நான் போனவுடன் மாடுகள் எல்லாம் எழும்பி நின்றன. உருக்கிய சீஸை உருளைக்கிழங்கில் ஊற்றித் தந்தார்கள். நான் கொண்டுபோன உறைப்பான கட்டச் சம்பலை அதில் வைத்துச் சாப்பிட்ட ருவெடி கண்ணீர் விட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டார். சம்பந்தம் அங்கேயே முடிந்தது.

ஒரு சின்ன விஷயம். அந்த வீட்டுப் பெரிய அறையில் ஒரு சுவர் முழுக்கத் துவக்குகள். எல்லாம் பழசு. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு பித்தளைத் தகட்டில் பெயர். சுட்டவனின் பெயர் அல்ல, அந்த வீட்டுக்குள் கலியாணம் முடித்து வந்தவரின் பெயர். வருகிறவரின் பக்கத்துப் பெரியவர் ஒரு துவக்கைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பார், அதை மாட்டுவார்கள். ருவெடியின் தாய்க்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று. மனைவியுடையதற்குப் பக்கத்தில் இரண்டு ஆணி ஏற்கெனவே அடித்திருக்கிறது. அது றோஷினிக்கு. றோஷினி பக்கத்துப் பெரியவர் வேறு யார், உங்கள் தம்பிதான். துவக்கைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று ருவெடிக்கு அரைமணித்தியாலம் விளங்கப்படுத்தினேன்.

கலியாணம் வருகிற தை மாதம் பதினெட்டாம் திகதி, வில் கோயிலில். நீங்கள் வரவேண்டும். பாஸ்போட் எடுங்கள். விசாவுக்குப் பேர்ணில் பெரிய இடத்தில் கதைத்திருக்கிறேன்.

மடு மாதா உங்கள் காலுக்குப் பலம் தரட்டும்.

தம்பி பேனாட்


வங்காலை
2.4.2024

அன்பான தம்பி பேனாட்டுக்கு,

பாஸ்குத் திருநாள் நல்லபடி முடிந்தது. கால் அப்படியே. எண்ணெய் மணக்கிறது, அவ்வளவுதான்.

போனில் எடுக்கச் சொல்கிறாய். போனில் நீ என்னைக் கதைக்க விடுவதில்லை. கடிதத்தில் உன்னால் குறுக்கே விழ முடியாது, அதுதான் எழுதுகிறேன்.

லூக்காஸ் நல்ல பெடியன் என்று றோஷினி சொல்கிறாள். எனக்குச் சந்தோஷம். வெள்ளைக்காரன் என்பதில் எனக்குக் குறையில்லை.

அந்தச் சுவரைப் பற்றி எழுதும்போது உன் பேனை ஒரு இடத்திலும் நிற்கவில்லையா?

சண்டைக்குப் பிள்ளை பிடித்தவர்கள் என் மூத்தவனை ட்ரக்டரில் ஏற்றிக் கையில் ஒன்றைக் கொடுத்தார்கள். அது அவனுடைய தோளுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. அவன் திரும்பிப் பார்த்தான். இன்று அவன் முகத்தை நினைக்கப் பார்த்தால் எனக்கு முதலில் வருவது அந்தத் துவக்குத்தான். முகம் பிறகுதான் வரும். சில நாள் வராது.

துவக்கு மாட்டிய வீட்டுக்குள் நான் கால் வைக்கமாட்டேன். என் மகளின் பெயரை ஒரு துவக்குக்குக் கீழே எழுதினால் என்னிடம் ஆசீர்வாதம் கேட்க வேண்டாம்.

நேரத்துக்குச் சாப்பிடு. குளிருக்குக் காதை மூடு.

அக்கா லூசியா


வில்
5.5.2024

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்கள் இப்படித்தான் எழுதுவீர்கள் என்று எனக்கு முதலே தெரியும். சுகமாக இருக்கிறேன். இங்கே ஆப்பிள் மரமெல்லாம் பூத்திருக்கிறது. நான் வேலை செய்யும் யன்னல் தொழிற்சாலையில் முதலாளி என்னைக் கேட்காமல் ஒரு கண்ணாடியும் வெட்டுவதில்லை.

அக்கா, இந்த நாட்டில் துவக்கு வீட்டிலிருப்பது எங்கள் ஊரில் உலக்கை இருப்பது மாதிரி. பட்டாளத்தில் பழகியவன் வீட்டுக்குக் கொண்டுவந்து அலுமாரியில் வைக்கிறான். ஞாயிற்றுக்கிழமை கிராமமே சேர்ந்து கடதாசியைச் சுடுகிறது, பிறகு கோழி பொரித்துச் சாப்பிடுகிறது. மனிதர் மனிதரைச் சுட்ட கதையை இவர்கள் பள்ளிக்கூடப் புத்தகத்தில்தான் படிக்கிறார்கள்.

உங்கள் கடிதத்தை றோஷினிக்குக் கொடுத்தேன். வாசித்தபடியே நின்றாள். அடுப்பில் சோறு அடிப்பிடித்தது.

"அம்மா வராட்டி நான் கோயில் படி ஏறமாட்டன் மாமா" என்றாள்.

"அப்ப ருவெடியிட்டச் சொல்லுவம், துவக்கு வேண்டாமெண்டு. அந்த மனுசன் கோவிக்கமாட்டார்."

"அதுவும் ஏலாது."

"இதென்ன பிள்ளை, அதுவும் ஏலாது இதுவும் ஏலாது எண்டால்?"

"அவை ஆணி அடிச்சு வைச்சிருக்கினம் மாமா. நான் கேக்க முதலே அடிச்சு வைச்சிருக்கினம். வந்த நாளிலயிருந்து வருசா வருசம் விசா அட்டையைப் புதுப்பிச்சுப் புதுப்பிச்சுத்தான் இஞ்ச இருக்கிறன். எனக்கெண்டு ஆர் ஆணி அடிச்சு வைச்சது?"

அடிப்பிடித்த சட்டியை நானே கழுவினேன். நம்பினால் நம்புங்கள்.

பிறகு ருவெடியிடம் தனியே போனேன். துவக்குக்குப் பதிலாக வெள்ளிச் செபமாலை ஒன்று மாட்டலாமோ என்று சுத்தமான ஜேர்மன் மொழியில் கேட்டேன். "செபமாலை பிள்ளையின்ர கழுத்தில கிடக்கட்டும் பேனாட்" என்றார். "நான் வற்புறுத்தமாட்டன். ஆணி வெறுமையாயே இருக்கட்டும். ஆனா அந்த இடத்தில வேற ஒண்டும் மாட்டவும் மாட்டன்."

இனி நீங்கள்தான் சொல்லவேண்டும். பிள்ளை மெலிந்துபோனாள்.

தம்பி பேனாட்


வங்காலை
30.6.2024

அன்பான தம்பிக்கு,

பதில் எழுதச் சுணங்கிவிட்டது. காய்ச்சல் என்று எழுதலாம். காய்ச்சல் இல்லை.

உலக்கை என்று எழுதியிருந்தாய். உலக்கை யாரையும் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை.

ஆனாலும் அவள் சொன்ன ஆணிக் கதையைத் தினமும் நினைக்கிறேன். நான் அவளை அனுப்பியபோது அவளுக்கென்று எங்கேயும் ஆணி அடித்து வைக்கவில்லை. அது உண்மை.

ஒன்று செய். நீ தேர்ந்தெடுக்கிற துவக்கு ஒரு மனிதனையும் சுடாததாக இருக்கவேண்டும். யாருடைய கையில் இருந்தது, அந்தக் கை அதை வைத்து என்ன செய்தது என்று விசாரித்து எழுது. அப்படி ஒன்று உலகத்தில் இருந்தால் நான் யோசிக்கிறேன். இல்லாவிட்டால் இல்லை.

றோஷினியைச் சாப்பிடச் சொல்.

அக்கா லூசியா


வில்
1.8.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று இந்த நாட்டின் பிறந்தநாள். வெளியே வெடி கொளுத்துகிறார்கள். நான் யன்னலைச் சாத்திவிட்டு எழுதுகிறேன். நீங்கள் கேட்டது கிடைத்தது. கிடைக்கும் என்று நான் ருவெடியிடம் பந்தயமே பிடித்திருந்தேன்.

போன சனிக்கிழமை நான், றோஷினி, ருவெடி மூவரும் சங்க்ட் காலனில் பழைய துவக்கு விற்கும் கடைக்குப் போனோம். கடைக்காரர் வயதானவர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். என்னைப் பார்த்தார்.

"எந்த நாடு?"

"வில்."

"அதுக்கு முதல்?"

சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். இலங்கைப் பாஸ்போட் வைத்திருப்பவன் துவக்கு வாங்கவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது என்று இங்கே சட்டம் இருக்கிறது. எனக்கு அது முதலே தெரியும், அவரைச் சோதிக்கத்தான் பேசாமல் இருந்தேன். ருவெடி வாங்கலாம், அவர் பெயரில் இருக்கலாம், நாங்கள் பார்க்கலாம். "கையை மட்டும் வைக்காதேங்கோ" என்றார். நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். திரும்பிப் பார்த்தால் றோஷினியும் அப்படித்தான் நிற்கிறாள். நாங்கள் இருவரும் சோதனைச்சாவடியில் நின்று பழக்கப்பட்ட ஆட்கள்போல நின்றோம்.

முதலில் ஒன்றை எடுத்து வைத்தார். வெளிநாட்டுத் துவக்கு, நல்ல மினுக்கம். ருவெடிக்குப் பிடித்துக்கொண்டது. நான் கேட்டேன்: "இது ஆரையும் சுட்டதோ?"

கடைக்காரர் சிரிக்கத் தொடங்கி நிறுத்தினார். "எவ்வளவு தூரம் சுடும் எண்டுதான் எல்லாரும் கேப்பினம். ஆரைச் சுட்டதெண்டு ஒருத்தரும் கேட்டதில்லை" என்றார். அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். இரண்டாவதையும் அப்படியே. ருவெடிக்கு முகம் தொங்கியது.

மூன்றாவது இந்த நாட்டுத் துவக்கு. இரண்டாம் உலக யுத்தக் காலத்துச் சாமான், மரம் முழுக்கச் சிராய்ப்பு, பார்வைக்கு ஒன்றுமில்லை. அந்த யுத்தத்தில் சுவிஸ்காரர் எல்லையில் நின்றார்களே தவிரச் சண்டைக்குப் போகவில்லை. "இதுக்கு ஒரு வழி இருக்கு" என்று கடைக்காரர் திருப்புளியை எடுத்தார். அந்தக் காலத்துச் சிப்பாய்கள் துவக்கைத் தோளில் வைக்கும் மரப் பிடங்கின் அடித்தகட்டைக் கழற்றி, தங்கள் பெயரும் ஊரும் எழுதிய காகிதத் துண்டை உள்ளே வைத்துப் பூட்டுவார்களாம். தகட்டைக் கழற்றினார். நாங்கள் எல்லோரும் குனிந்தோம்.

உள்ளே இருந்த பெயர் அல்போன்ஸ் ஷெர்றெர். பேக்கரியில் பாண் சுடுகிறவர். கடைக்காரருக்கு ஆளைத் தெரியும், சின்ன வயதில் அவருடைய பாணைத் தின்றிருக்கிறார். யுத்தம் முடியும்வரை றைன் ஆற்றுப் பாலம் ஒன்றில் காவலுக்கு நின்றாராம். ஒருமுறைதான் சுட்டார். ஆற்றில் மிதந்து வந்த மரக்குற்றியை ஆள் என்று நினைத்து. அதுவும் படவில்லை. பிறகு வீட்டுக்கு வந்து பாண் சுட்டுப் பிள்ளைகுட்டி பெற்று, செபமாலையைக் கையில் பிடித்தபடி நித்திரையிலேயே போய்ச் சேர்ந்தார்.

தகட்டைத் திரும்பப் பூட்டக் கொஞ்சம் நேரம் பிடித்தது. றோஷினி கடைக்காரரின் மேசையில் குனிந்து நின்றாள். பிறகு நிமிர்ந்து, "இதுதான் மாமா" என்றாள். நானும் அதைத்தான் நினைத்திருந்தேன்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள்.

தம்பி பேனாட்


வங்காலை
25.8.2024

அன்பான தம்பிக்கு,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். பக்கத்து வீட்டு ஹரிஷாவைக் கொண்டும் ஒருமுறை வாசிப்பித்துக் கேட்டேன். அந்த மரக்குற்றிக்கு அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

துவக்கைப் பிடித்தும் ஒரு மனிதனையும் சுடாமல் வீடு திரும்பிய ஒருவர் இருந்திருக்கிறார் என்பதே எனக்குப் புதினம்.

இன்னும் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் எழுது. அவர் திரும்பி வந்தபோது அவருடைய தாய் உயிரோடு இருந்தாவா? மகனைக் கண்டாவா?

பாஸ்போட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

அக்கா லூசியா


வில்
15.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஓம், இருந்தா.

அவர் வந்தபோது தாய் மாக் குழைத்துக்கொண்டிருந்தா. கையைத் துடைக்கவில்லை. அப்படியே ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தா. அவருடைய பட்டாளக் கோட்டின் முதுகில் இரண்டு கையும் மாவில் பதிந்துவிட்டது. அந்தக் கோட்டை அவர் பிறகு தோய்க்கவே விடவில்லையாம்.

இதற்கு மேல் எனக்குத் தெரியாது.

றோஷினி இப்போது நன்றாகச் சாப்பிடுகிறாள். குளிர் தொடங்குகிறது, உங்களுக்கு ஒரு நல்ல கோட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

தம்பி பேனாட்


வங்காலை
4.11.2024

அன்பான தம்பி பேனாட்டுக்கு,

விசா கிடைத்துவிட்டது. கால் எப்படியும் வந்துசேரும்.

இதை உனக்கு எழுதத்தான் வேண்டும். முந்தாநாள், கார்த்திகை இரண்டாம் திகதி, ஆத்துமாக்கள் திருநாள். வழக்கம்போலப் பூசையில் மரித்தவர்களின் பெயர்களை வாசித்தார்கள். நான் இத்தனை வருசமாக அப்பாவின் பெயர், அம்மாவின் பெயர், என் மனுசனின் பெயர் கொடுப்பேன். மூத்தவனின் பெயரைக் கொடுத்ததில்லை. காணாமல் போன பிள்ளையின் பெயரை அங்கே கொடுத்தால், தேடாமல் நானே புதைத்த மாதிரி. பாதர் ஒவ்வொரு வருசமும் என்னைப் பார்ப்பார். நான் நிலத்தைப் பார்ப்பேன்.

இந்த முறை அல்போன்ஸ் ஷெர்றெரின் பெயரைக் கொடுத்தேன். பாதர் "ஆர் அம்மா இது?" என்றார். "எங்கட சம்பந்தி பக்கம்" என்றேன். பேனை கையில் இருந்தது. அவருக்குக் கீழே டினேஸ் என்று எழுதினேன்.

அல்போன்ஸ் நல்ல மனுசன், வழி தெரிந்தவர், துவக்கை வைத்துவிட்டு வீடு திரும்பியவர். பிள்ளையைத் தனியே விடாமல் கூட்டிக்கொண்டு போவார் என்று நினைத்தேன். இரண்டு பெயரையும் ஒன்றன்பின் ஒன்றாக வாசித்தார்கள். பிறகு எல்லோரும் சேமக்காலைக்குப் போனோம். டினேஸுக்குக் குழி இல்லை, அதனால் அப்பாவின் கல்லறையில் ஒரு மெழுகுதிரி கூடுதலாகக் கொளுத்தினேன். வீட்டுக்கு வந்து படுத்தேன். அவனுடைய முகம் வந்தது. துவக்கு வரவில்லை. முகம் மட்டும் வந்தது.

நான் வந்ததும் என்னை அந்தப் பாண்காரரின் கல்லறைக்குக் கூட்டிக்கொண்டு போ. மடுவிலிருந்து ஒரு மெழுகுதிரி வாங்கி வைத்திருக்கிறேன். கலியாணத்துக்கு முதல் போகவேண்டும். நன்றி சொல்லாமல் அந்தச் சுவருக்கு முன்னால் நிற்க எனக்கு மனமில்லை.

அக்கா லூசியா


வில்
24.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

பிரயாணத்துக்கு உடம்பைப் பாருங்கள். நான் சுகமாக இல்லை. நித்திரை வருவதில்லை.

உங்கள் கடிதத்துக்கு எழுதி எழுதிக் கிழித்தேன். இங்கே சேமக்காலையில் கொஞ்ச வருசம் போனால் கல்லை எடுத்து நிலத்தைத் திரும்ப வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அப்படியே அந்தப் பாண்காரரின் கல்லையும் எடுத்துவிட்டார்கள் என்று எழுதினால் முடிந்துவிடும். அதை எழுதினேன். முத்திரையும் ஒட்டினேன். பெட்டிக்குள் போட முடியவில்லை. நீங்கள் அந்த மெழுகுதிரியோடு புல்லுக்கு முன்னால் நிற்பது கண்ணுக்குத் தெரிந்தது.

எல்லாவற்றையும் முதலே சொன்னேன் என்று சொல்கிறவன் நான். நீங்கள் டினேஸின் பெயரை எழுதுவீர்கள் என்று மட்டும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அன்று கடையில் துவக்கின் அடித்தகட்டைக் கழற்றியபோது உள்ளே ஒன்றும் இல்லை. மரமும், பழைய ஈரக் கறையும்தான். கடைக்காரர் "சிலர் வைப்பினம், சிலர் வைக்காயினம்" என்றார். அந்தத் துவக்கு யாருடைய கையில் இருந்தது, என்ன செய்தது என்று அவருக்கும் தெரியாது. இந்த நாடு அந்த யுத்தத்துக்குப் போகவில்லை என்பது மட்டும் உண்மை. அல்போன்ஸ் என்ற பெயரை, கடிதம் எழுதிய அன்று குசினிக் கலண்டரில் இருந்த புனிதரிடம் எடுத்தேன். ஷெர்றெரை எதிர்வீட்டுத் தபால்பெட்டியிலிருந்து எடுத்தேன். பாலத்தையும் மரக்குற்றியையும் நானே போட்டேன்.

ஆனால் இப்போது அதற்குள் ஒரு பெயர் இருக்கிறது. அன்று கடைக்காரர் தகட்டைத் திரும்பப் பூட்டப் போனார். றோஷினி "கொஞ்சம் பொறுங்கோ" என்று அவரிடம் பேனையும் ஒரு துண்டுக் காகிதமும் கேட்டாள். மேசையில் குனிந்து எழுதினாள். டினேஸ், வங்காலை. மடித்து அவரிடம் கொடுத்தாள். தான் தொடக்கூடாது என்று அவரையே வைக்கச் சொன்னாள்.

"என்ன பிள்ளை இது?" என்றேன்.

"அண்ணாவின்ர கையில குடுத்த துவக்கில ஆற்ற பெயரும் இருந்திராது மாமா. இதிலயாவது இருக்கட்டும். இது ஒருக்காலும் சுடாது, சுவரிலதான் இருக்கும்." பிறகு, "அம்மாவுக்கு எழுதாதேங்கோ. அம்மா அவனை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறா. நான் எங்கயோ வைச்சுப் பூட்டிப்போட்டன் எண்டு நினைப்பா" என்றாள்.

அதனால்தான் என் கடிதத்தில் உள்ளே வேறொருவரை வைத்தேன். நீங்கள் அங்கே எழுத முதலே இவள் இங்கே எழுதிவிட்டாள். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் ஒளித்தீர்கள், நடுவில் நான் நின்று கதை கட்டினேன்.

ருவெடி துவக்கை மாட்டிவிட்டார். பித்தளைத் தகட்டில் றோஷினியின் பெயர். அதற்குக் கீழே ஒரு சின்ன மேசை போட்டிருக்கிறார், ஏன் என்று நான் கேட்கவில்லை. அவருக்கும் றோஷினி சொல்லியிருக்கிறாள் போலிருக்கிறது. மெழுகுதிரியைக் கொண்டு வாருங்கள். வரமாட்டேன் என்றால் அதையும் எழுதுங்கள், உங்கள் கையாலேயே எழுதுங்கள். நான் பிள்ளையிடம் காட்டி, குற்றம் என்னுடையது என்று சொல்கிறேன்.

இன்னும் ஒன்று. மாப் பிடித்த கையோடு ஓடிப்போய்க் கட்டிப்பிடித்த அந்தத் தாயும் இல்லை அக்கா. டினேஸ் படலையைத் திறந்துகொண்டு வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று யோசித்தேன். அதை எழுதினேன்.

தம்பி பேனாட்